ஹீட் மீட்டர் யாரிடம் பேசுகிறது?

பதிவு எழுதி நாலு மாசம் ஆச்சு. சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை (சரி, அதுவும் கொஞ்சம் உண்டு). ஆபீஸ் விட்டு வந்து பானெட்டைத் திறந்தால், மூடும்போது ராத்திரி ஒன்பது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் புரியும். தீவில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு... வேண்டாம், அழுதுடுவேன் :-)

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இருப்பது ஹட் பே. லிட்டில் அந்தமானின் கப்பல்துறையும் கடைத்தெருவும் இங்கேதான். போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், வாயில் இன்னும் பழசுதான் வருகிறது) தெற்கே கடலில் 120 கிலோமீட்டர் சொச்சம். கப்பலில் ஏழெட்டு மணி நேரம். ஊரில் முக்கியமான ரோடு ஒன்றே ஒன்று. கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே போகும். இடங்களுக்குப் பெயர் இருக்கிறது, ஆனாலும் பேச்சில் கிலோமீட்டர்தான் முகவரி. "பதினாறு கிலோமீட்டர்ல இறக்கி விடுங்க" என்றால் எல்லோருக்கும் தெரியும்.

என் கார் 2003 மாடல், சின்ன பெட்ரோல் கார். கம்பெனி பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஓடி, மூன்றாவது கையாக என்னிடம் வந்து, கப்பலேறி, உப்புக் காற்றில் நிற்கிறது. அதுக்கு மேல் எதைக் கேட்பது?

நோய் இதுதான். காலையில் ஸ்டார்ட் ஆகும், ஆனால் கரும்புகை. நின்ற இடத்தில் பெட்ரோல் வாடை. லிட்டருக்கு 15 கொடுத்துக்கொண்டிருந்தது 9க்கு இறங்கியது. இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். சூடாக இருக்கும்போது ஒருமுறை ஆஃப் பண்ணிவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆக மறுத்தது. உடன் வேலை பார்ப்பவரின் அம்மாவை, கண் ஆபரேஷனுக்காகப் போர்ட் பிளேர் கப்பலில் ஏற்றிவிடக் கூட்டிப் போனேன். வழியில் தண்ணீர் பாட்டில் வாங்க ரெண்டு நிமிஷம் நிறுத்தினேன். அவ்வளவுதான். கப்பல் கிளம்ப நாற்பது நிமிஷம் இருக்கிறது, கார் இருமுகிறது, பிடிக்கவில்லை. பின்சீட்டில் அந்த அம்மா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். திட்டியிருந்தால் கூடத் தேவலை. கடைத்தெருவில் இருந்தவர்கள் சேர்ந்து தள்ளி, செகண்ட் கியரில் விட்டுப் பிடித்து, ஒரு வழியாக ஏற்றிவிட்டேன். அன்றைக்குக் கப்பலை விட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்திருந்த தேதி போயிருக்கும்.

இத்தனைக்கும் டேஷ்போர்டில் ஹீட் மீட்டர் முள் அப்பாவி மாதிரி நடுவில் நின்றுகொண்டிருந்தது.

இங்கே எனக்கு வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணனின் குடும்பம் ராமநாதபுரம் பக்கம். அவர் பிறந்து வளர்ந்தது தீவில். தமிழ், ஹிந்தி, பெங்காலி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார். இன்ஜின் மேல் காதை வைத்துக் கேட்டார், சைலன்சரில் விரலை விட்டுப் பார்த்தார், விரல் கரியானது. "ரிச்சா அடிக்குது சார். கூலன்ட் சென்சார் போயிருச்சு. போர்ட் பிளேர்ல சொல்லி வரவைக்கணும்" என்றார். கடல் கொந்தளிப்பு மாசம். கப்பல் எப்போது வரும், வரும் பார்சலில் சரியான சாமான் இருக்குமா, கடவுளுக்கே வெளிச்சம். நான் சிவில் இன்ஜினியர், எனக்கும் காருக்கும் உள்ள உறவு ஸ்டியரிங்கோடு முடிகிறது. ஆனாலும் ஒரு கேள்வி வந்தது. போய்விட்டது என்று எப்படித் தெரியும்? மாற்றாமலேயே டெஸ்ட் பண்ண முடியாதா?

படிக்க ஆரம்பித்தேன். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு இங்கே நெட் உருப்படியாகக் கிடைக்கிறது. ஒரு சென்சாரை எப்படிச் சோதிப்பது என்று தேடியவன், நூற்றிமுப்பது வருஷத்துக்குப் பின்னால் போய் விழுந்தேன்.

முதல் கார்களில் சூட்டை அளக்க ஒன்றும் கிடையாது. கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதுதான் குளிர்விக்கும் முறையே. 1888இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், ரெண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். உலகத்தின் முதல் நீண்ட கார் பயணம் என்று சொல்வது இதைத்தான். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். வழி நெடுகக் கிடைத்த இடத்திலெல்லாம் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டே போனார் என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். எப்போது ஊற்ற வேண்டும் என்று சொல்ல மீட்டர் இல்லை. ஆவியும் சத்தமும்தான் மீட்டர்.

1901 வாக்கில் வில்ஹெல்ம் மேபாக் மெர்சிடிஸ் காருக்குத் தேனடை மாதிரி ரேடியேட்டர் செய்தார். அதற்கப்புறம் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது. ஆனால் அது எவ்வளவு சூடு என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி லட்சக்கணக்கில் ஓடியது. அதிலும் ஹீட் மீட்டர் இல்லை, பெரும்பாலானவற்றில் தண்ணீர் பம்ப்பும் இல்லை. சூடான தண்ணீர் மேலே போகும், ஆறினது கீழே வரும், அந்த ஓட்டத்தை நம்பியே இன்ஜின்.

இந்தக் குறையில் காசு பார்த்தவர் நியூயார்க்கின் ஹாரிசன் பாய்ஸ். 1910களின் தொடக்கத்தில் அவர் கொண்டுவந்த மோட்டோமீட்டர் எளிமையான சாமான். ரேடியேட்டர் மூடியின் மேலேயே திருகி வைத்த ஒரு தெர்மாமீட்டர். வட்டக் கண்ணாடிக்குள் சிவப்புத் திரவம் ஏறி இறங்கும். பானெட்டின் முன் நுனியில் நிற்கும் அதை ஓட்டுபவர் சீட்டில் இருந்தே பார்க்கலாம். கார் கம்பெனிகள் தங்கள் சின்னத்தையும் அதில் பொறித்துக்கொண்டன. குறை என்னவென்றால், அது அளந்தது தண்ணீரை அல்ல, தண்ணீருக்கு மேலே நிற்கும் ஆவியை. ராத்திரியில் பார்ப்பதும் கஷ்டம். 1920களின் கடைசியில் மீட்டர் டேஷ்போர்டுக்குள் வரத் தொடங்கியதும் இது மெதுவாக மறைந்தது. இன்றைக்குப் பழைய கார் கண்காட்சிகளில் பார்க்கலாம்.

இங்கே கொஞ்சம் ஊருக்குப் போய்விட்டு வரலாம். என் சித்தப்பா மேட்டுப்பாளையம் – ஊட்டி ரோட்டில் பெட்ரோல் டாக்சி ஓட்டியவர். ஐம்பது கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட 1900 மீட்டர் ஏற்றம். கோடையில் ஒரு குறிப்பிட்ட வளைவு வந்ததும் முள்ளைப் பார்க்காமலேயே ஓரங்கட்டுவார். "கண்ணு, வண்டி மூச்சு வாங்குது" என்பார். கையைப் பானெட்டின் மேல் வைத்து, எடுத்து, இன்னொரு இடத்தில் வைப்பார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பது மாதிரி. சாக்கு ஒன்றை நனைத்து மூடி மேல் போட்டு, ஒதுங்கி நின்று, மெதுவாகத் திருகுவார். (இதை யாரும் செய்ய வேண்டாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. ஆறும் வரை காத்திருப்பதுதான் புத்தி.) மேலே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஊட்டி உயரத்தில் 92, 93 டிகிரிக்கே கொதித்துவிடும் என்பது நான் பின்னால் காலேஜில் படித்தது. அவருக்கு அது பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்திருந்தது.

மறுநாள் காலை ஊட்டிக் குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது இன்னொரு வேலை. சோக்கை முழுசாக இழுப்பார், இன்ஜின் பிடித்ததும் பாதி உள்ளே தள்ளுவார், ரெண்டு நிமிஷம் சத்தம் கேட்டுவிட்டு மீதியையும் தள்ளுவார். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும், ஏனென்றால் குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. சூடேறச் சூடேறக் குறைக்க வேண்டும். மறந்து இழுத்தபடியே ஓட்டினால் கரும்புகை, பெட்ரோல் வாடை, பிளக் கரி. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

டேஷ்போர்டுக்குள் மீட்டர் எப்படி வந்தது? இன்ஜின் ஒரு பக்கம், முள் ஒரு பக்கம். நடுவில் சூட்டை எப்படிக் கொண்டுபோவது? பதில் பாரிஸில் முன்பே இருந்தது. எஜென் பூர்தோன் 1849இல் காப்புரிமை வாங்கிய வளைந்த செப்புக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு நிமிரும், நிமிரும்போது முள்ளைத் தள்ளும். நீராவி இன்ஜின்களுக்காகச் செய்தது. இதன் மறுமுனையில் முடி போல மெல்லிய குழாயும், அதன் நுனியில் ஈதர் போல எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த ஒரு குமிழும் வைத்தார்கள். குமிழ் இன்ஜின் தண்ணீருக்குள் இருக்கும். சூடானால் ஈதர் ஆவியாகி அழுத்தம் ஏறும், முள் நகரும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். குழாய் எங்காவது நசுங்கி ஈதர் போய்விட்டால் மட்டும் மொத்தமும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இரண்டாம் உலகப் போர் வில்லிஸ் ஜீப்பில் இருந்தது இந்த வகை. போர் முடிந்து சில வருஷங்களில் மஹிந்திரா பம்பாயில் அந்த ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அப்புறம் ரோடு இருந்த, இல்லாத இந்தியா முழுவதும் ஜீப்தான். லிட்டில் அந்தமானில் 1960களின் கடைசியிலிருந்து கிழக்கு வங்காள அகதிக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். மரம் வெட்டினார்கள், செம்பனை நட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஜீப்பும் லாரியும் வேண்டியிருந்தது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தத் தீவில் இயற்கை மரங்களை வணிகத்துக்காக வெட்டுவதை நிறுத்தியது. அதோடு அந்தக் காலம் முடிந்தது. மெக்கானிக் அண்ணன் கொட்டகைக்குப் பின்னால் கொடி படர்ந்து நிற்கும் ஒரு ஜீப் அந்தக் காலத்து மிச்சம். டேஷ்போர்டுத் தகட்டில் மீட்டர் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. "அதுல ஹீட் மீட்டர் சந்தேகம்னா எங்கப்பா என்ன பண்ணுவாரு தெரியுமா சார்? குமிழைக் கழட்டி டீக்கடை பாய்லர்ல முக்குவாரு. முள் ஏறுச்சா, மீட்டர் நல்லாருக்கு. ஏறலையா, தூக்கிப் போடு."

கேட்டதும் எனக்கு ஒரு தெளிவு வந்தது. நான் நெட்டில் மணிக்கணக்காகத் தேடிய சோதனையும் இதேதான். வெந்நீர்.

ஆனால் என் காரில் இருப்பது ஈதர் குமிழ் இல்லை. அதன் கதை லண்டனில், 1833இல், மைக்கேல் ஃபாரடேயிடம் தொடங்குகிறது. உலோகங்களைச் சூடாக்கினால் மின்சாரம் கடப்பது கடினமாகும். வெள்ளி சல்பைடு அதற்கு நேர் எதிராக நடப்பதை அவர் கவனித்தார். சூடாக்கச் சூடாக்க மின்சாரம் சுலபமாகப் போனது. அவர் அதை எழுதி வைத்தார். பயன்படுத்த நூறு வருஷம் ஆயிற்று. 1930இல் அமெரிக்காவில் சாமுவேல் ரூபன் இந்தக் குணத்தை வைத்து ஒரு சாமான் செய்தார். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட் ஆக்சைடுகளைப் பொடியாக்கி, அழுத்தி, செங்கல் சுடுவது போலச் சுட்டு, ஒரே அளவில் திரும்பத் திரும்பச் செய்யக் கற்றார்கள். தெர்மிஸ்டர் என்று பெயர். அவர்களுக்குக் கார் நினைப்பே இல்லை. வெயிலிலும் பனியிலும் டெலிபோன் லைனின் குணம் மாறுவதைச் சரிக்கட்டத்தான் அது தேவைப்பட்டது.

காருக்கு இது வசதியாக வந்து சேர்ந்தது. இன்ஜினில் பட்டாணி அளவு தெர்மிஸ்டர், அங்கிருந்து ஒரே ஒரு ஒயர், டேஷ்போர்டில் மீட்டர். மீட்டருக்குள் ரெண்டு உலோகம் ஒட்டிய பட்டை, அதைச் சுற்றிக் கம்பிச்சுருள். கரண்ட் அதிகம் வந்தால் பட்டை சூடாகி வளையும், முள் நகரும். சாவி போட்டதும் அந்தக் காலத்து முள் சோம்பல் முறித்துக்கொண்டு எழுவது இதனால்தான். 1970களில் கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ், பின்னாளில் பிரிக்கால், வண்டி மீட்டர்கள் செய்யத் தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஐடிஐ முடித்து நேரே அங்கே போனார்கள். இந்தியாவில் எந்த மூலையில் ஒரு வண்டியின் டேஷ்போர்டைப் பார்த்தாலும் "நம்மூரு மீட்டரா இருக்கும்" என்று எனக்குத் தோன்றுவதற்கு அதுதான் காரணம். நியாயமான பெருமையா, வெறும் ஊர்ப்பாசமா, நீங்களே சொல்லுங்கள்.

இதுவரை வந்த எல்லா மீட்டருக்கும் ஒரு பொதுக்குணம். ஆவி, சிவப்புத் திரவம், ஈதர், தெர்மிஸ்டர் எல்லாமே ஓட்டுபவரிடம்தான் பேசின. கேட்டு முடிவெடுப்பது மனுஷன்.

அது மாறிய வருஷம் 1967. போஷ் நிறுவனம் டி-ஜெட்ரானிக் என்ற எலக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனை வோல்க்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. (அதற்குப் பத்து வருஷம் முன்பே அமெரிக்காவின் பெண்டிக்ஸ் முயன்று தோற்றிருந்தது. அந்தக் காப்புரிமைகளின் மேல்தான் போஷ் கட்டியது.) அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு வரத் தொடங்கியதுதான் அவசரத்துக்குக் காரணம். கார்புரேட்டர் இல்லை, சோக் இல்லை. இன்ஜின் எவ்வளவு சூடு என்பதை ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அது பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, அந்த வோல்க்ஸ்வாகன் காற்றில் குளிரும் இன்ஜின். கூலன்டே கிடையாது! சென்சாரை சிலிண்டர் ஹெட்டில் வைத்தார்கள். ஆக, கூலன்ட் சென்சாரின் நேர் முன்னோர் தண்ணீரையே பார்த்ததில்லை.

சித்தப்பாவின் சோக் இழுத்த கை இப்படித்தான் வேலை இழந்தது. கூலன்ட் சென்சார் ஹீட் மீட்டரின் வாரிசு என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது அந்தக் கையின் வாரிசு.

இந்தியாவில் இது ரொம்பத் தாமதம். நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. எம்.சி. மேத்தா 1985இல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரல் 29 அன்று, டெல்லி வட்டாரத்தில் விற்கும் கார்கள் அந்த ஜூனில் யூரோ 1க்கும், 2000 ஏப்ரலில் யூரோ 2க்கும் வந்தாக வேண்டும் என்றது. கார்புரேட்டரோடு அதைச் சமாளிப்பது கஷ்டம். ஒரே வருஷத்தில் எல்லாக் கம்பெனியும் எம்பிஎஃப்ஐ என்று பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா? 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. டெல்லியின் புகைக்காகப் போட்ட உத்தரவு, புகையே இல்லாத ஒரு தீவில் என் காரின் பானெட்டுக்குள் ரெண்டு பின் கனெக்டராக உட்கார்ந்திருக்கிறது.

இனி வெந்நீர்.

முதலில் நான் செய்த முட்டாள்தனம். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் சூடு அளக்கும் சாமான் ரெண்டு. ஒற்றை ஒயர் போவது டேஷ்போர்டு முள்ளுக்கு. ரெண்டு ஒயர் போவது கம்ப்யூட்டருக்கு. நான் சிரமப்பட்டுக் கழற்றி, சட்டியில் போட்டு, "ஆஹா நல்லா வேலை செய்யுது" என்று பூரித்தது முள்ளின் சாமான். நடுவில் நிற்கும் முள் ஏற்கெனவே சொன்னதைத்தான் அது திரும்பச் சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண்.

அடுத்த ஞாயிறு சரியானதைக் கழற்றினேன். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். கழற்றியதும் கூலன்ட் கொட்டும், ஓட்டையை அடைக்கக் கையில் ஒரு கார்க் இருந்தால் நல்லது. சாதா மல்டிமீட்டரை ஓம் அளக்கும் 20 கிலோ ஓம் இடத்தில் வைத்து, சென்சாரின் ரெண்டு பின்னிலும் கிளிப் போட்டேன். நுனி மட்டும் தண்ணீரில், கனெக்டர் பக்கம் வெளியே. சட்டியின் அடியில் படாமல் நூலில் தொங்கவிட வேண்டும், அடித்தகடு தண்ணீரைவிடச் சூடு. கூடவே சமையலறைத் தெர்மாமீட்டர். ஹட் பேயில் ஒரு சௌகரியம் உண்டு. கடல் மட்டத்தில் இருக்கிறோம், தளதளவென்று கொதித்தால் அது 100 டிகிரிதான், தெர்மாமீட்டரையே அதில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஊட்டியில் இது நடக்காது. கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, ஆறும்போது படித்தால் அளவு நிதானமாகக் கிடைக்கும்.

கழற்றிய கையோடு, 28 டிகிரியில் 1.83 கிலோ ஓம். கொதிநிலையில் 0.19. ஆறும்போது 80இல் 0.32, 60இல் 0.59, 40இல் 1.17. இந்த வகைச் சென்சார்களுக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கும் கிட்டத்தட்ட இதேதான். 20 டிகிரியில் 2.5 கிலோ ஓம், 100இல் 0.19. நடுவில் எங்கேயும் எண் குதிக்கவில்லை. ஃபாரடே பார்த்தது என் சட்டியில் ஒழுங்காக நடந்தது. சென்சார் நல்லா இருக்கிறது!

அப்போ நோய் எங்கே?

கனெக்டரைக் கழற்றி ஒயர் பக்கம் அளந்தேன். கம்ப்யூட்டர் அனுப்பும் 5 வோல்ட் சரியாக வருகிறது. அதுவும் நல்லா இருக்கிறது. ரெண்டும் நல்லா இருந்தால் கார் ஏன் இருமுகிறது? ரெண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு புரிந்தது. வோல்ட் மீட்டர் தன் வழியே கரண்டை ஏறக்குறைய விடாது. கரண்ட் ஓடாத இடத்தில் கெட்ட இணைப்பும் நல்ல இணைப்பு மாதிரியே காட்டும். எல்லாம் பூட்டியிருக்கும்போது, இன்ஜின் ஓடும்போது அளக்க வேண்டும். மனைவியின் புடவை ஊக்கு ஒன்றை கனெக்டரின் பின்பக்கம், ஒயரை ஒட்டி உள்ளே செருகி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அளந்தேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ரெசிஸ்டர் என் காரில் 2 கிலோ ஓம் என்று சர்வீஸ் புத்தகத்தின் நகலில் இருந்தது. அந்தக் கணக்குப்படி 0.6, 0.7 வோல்ட் வர வேண்டும். வந்தது 2.7. அதாவது சென்சாருக்கும் ஒயருக்கும் நடுவில் யாரோ இன்னொரு 2 கிலோ ஓமை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

டார்ச் அடித்துக் கனெக்டருக்குள் பார்த்தேன். பச்சைக் களிம்பு. பாட்டி புளி போட்டுத் தேய்க்கும் பித்தளைக் குடத்தில் பிடிக்குமே, அதே களிம்பு, ரெண்டு பின்னின் அடியிலும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வந்தது. காலையில் ஹட் பே 28 டிகிரி. களிம்பு சேர்ந்ததும் கம்ப்யூட்டருக்குத் தெரிவது 10 டிகிரி, ஊட்டி டிசம்பர் காலை. நன்றாக ஓடி 80 டிகிரி தாண்டிய பிறகும் அதற்குத் தெரிவது 22. பாவம், மாசக்கணக்காக அது சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பியதால் ஆக்சிஜன் சென்சார் "பெட்ரோல் அதிகம்" என்று கத்தியதையும் காதில் வாங்கவில்லை. சித்தப்பா சொன்ன கரும்புகை, வாடை, பிளக் கரி எல்லாம் வரிசையாக வந்ததும் அதனால்தான். சென்சார் ஒயர் அறவே அறுந்திருந்தால் கூடக் கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு விளக்கைப் போட்டிருக்கும். 10 டிகிரி என்பது நம்பக்கூடிய பொய். அந்தமானில் 10 டிகிரி வராது என்று அதற்கு யார் சொல்வது?

மெக்கானிக் அண்ணனிடம் கனெக்டரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சுனாமிக்கப்புறம் வந்த வண்டியெல்லாம் இப்படித்தான் சார் இருந்துச்சு. சென்சார மாத்துவோம், மாத்தும்போது கனெக்டரைக் கழட்டி மாட்டுவோம்ல, அந்த உரசல்ல சரியாயிரும். சென்சார்தான் போச்சுன்னு நினைச்சுக்குவோம். ரெண்டு மாசத்துல திரும்ப வரும்" என்றார். 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் என்ன செய்தது என்று வெளியில் இருந்து வந்த நான் எழுதக்கூடாது. எழுதுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மெல்லிய உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர், பூட்டும் முன் கொஞ்சம் கிரீஸ். செலவு என்று பார்த்தால் ஒரு டீயும் ரெண்டு பஜ்ஜியும். ஊக்கில் 0.66 வோல்ட் காட்டியது. இப்போது சூட்டில் ஆஃப் பண்ணினாலும் ஒரே சாவியில் பிடிக்கிறது. லிட்டருக்கு 14.5.

போர்ட் பிளேருக்குப் போயிருந்தபோது நண்பர் ஒருவரின் புதுக் காரில் ஏறினேன். ஹீட் மீட்டரைத் தேடினேன், இல்லை. குளிராக இருந்தால் நீல விளக்கு, அபாயமானால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றும் கிடையாது. முள் இருக்கும் கார்கள் பலவற்றிலும் 75இலிருந்து 105 வரை எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்துவிடுகிறார்கள், முள் ஆடினால் வாடிக்கையாளர் பயந்து சர்வீஸுக்கு வந்து நிற்கிறாராம். ஒரே சென்சார், அது பேசுவது கம்ப்யூட்டரிடம், கம்ப்யூட்டர் நமக்கு எதைச் சொல்லலாம் என்று முடிவு பண்ணுகிறது. பாய்ஸ் பானெட் நுனியில் தெர்மாமீட்டரை நட்டு வைத்ததிலிருந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். எனக்கு இது பிடிக்கவில்லை. சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். "பானெட்டுல கை வெக்க எடமிருக்கல்ல கண்ணு?" என்றார்.

மெக்கானிக் அண்ணன் அந்த ஓம் கணக்கை எழுதித் தரச் சொன்னார். பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து, 28, 40, 60, 80, 100 என்று மார்க்கரில் எழிதியதில் ஒரு எழுத்துப் பிழை வேறு. கொட்டகையில் ஸ்பேனர் மாட்டும் ஆணியில் தொங்குகிறது. போன வாரம் பார்த்தபோது கீழே ஹிந்தியில் ஒரு வரி சேர்ந்திருந்தது: முதலில் கனெக்டரைப் பார்.